சாயத்தைத் தொட்டியா

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தடவிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கை என்று ஒன்று இருந்தால் அது வேலை செய்யும், சாப்பிடும், அடிக்கும். அப்பா அம்மாவை அடிப்பார். அம்மா என்னை அடிப்பாள். நான் தெரு நாயை அடிப்பேன். ஆரணியில் எங்கள் தெருவே அப்படித்தான் இருந்தது. தறியில் இழை அறுந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகில் ஒன்று விழும். ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று பள்ளிக்கூட வாத்தியார் பிரம்பைத் துடைத்துக்கொண்டே சொல்வார். இப்போதும் யாராவது, ‘அந்தக் காலத்தில் அடித்து வளர்த்ததால்தான் உருப்பட்டோம்’ என்று என் எதிரில் சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். என் வீடாக இருந்தால் காப்பி கொடுக்காமல் அனுப்பிவிடுவேன்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை, அதில் செப்பு அண்டாக்கள், அடியில் விறகு. பட்டு நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டி, கொதிக்கும் சாயத்தில் முக்கித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிடும். பக்கத்தில் ஆசிட் ஜாடி இருக்கும். பிள்ளைகள் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நான் மீறியதே இல்லை. அந்த ஆவியும் நாற்றமும் எனக்குப் பயம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஏழு வயது. அந்த வருஷம் கல்யாணப் புடவைக்கு எல்லோரும் கத்தரிப்பூ நிறம்தான் கேட்டார்கள். நைனாவின் கை முழங்கை வரை ஊதா. வேட்டி ஊதா. அம்மாவின் முந்தானை ஊதா. சோற்றுப் பானையில்கூட ஊதாவாக ஒரு கைத்தடம் இருந்தது.

ஒரு நாள் காலையில், காயப்போட்டிருந்த மாம்பழ மஞ்சள் சிட்டங்களில் ஊதாத் துளிகள் தெறித்திருந்தன. மஞ்சளில் ஊதா விழுந்தால் அந்தப் பட்டின் கதை முடிந்தது. மறுபடி கறுப்பில்தான் முக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கறுப்பு கட்டுகிறவள் யார்? நைனா கொட்டகையில் நின்று யார் யாரையோ திட்டினார். பிறகு வீட்டுக்குள் வந்து என்னைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்தினார். என் இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊதாத் திட்டு இருந்தது.

“சாயத்தத் தொட்டியா?”

“இல்ல நைனா.”

“அப்ப இன்னாது இது? தானா வந்துச்சா?”

தானாகத்தான் வந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். சிட்டம் திருப்பும் கம்பு அவர் கையிலேயே இருந்தது, ஈரமாக. முதல் அடியில் என் கால் மடங்கிவிட்டது. அதற்குப் பிறகு விழுந்ததெல்லாம் முதுகிலும் கையிலும். சாயத்தைத் தொட்டதற்காக அல்ல, பொய் சொன்னதற்காக அடிக்கிறேன் என்று அவரே சொல்லிக்கொண்டு அடித்தார்.

அவர் ஓய்ந்ததும் அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள். பட்டில் இருக்கும் பசையை எடுக்கச் சோடா உப்பும் சவுக்காரமும் போட்டு வேகவைப்பார்கள். அதே சோடாத் தண்ணீரில் தேங்காய் நாரை நனைத்து என் தொடையைத் தேய்த்தாள். திட்டு போகவில்லை. தோல்தான் போயிற்று. “உங்கொப்பன் போட்ட சாயம் லேசுல போவுமா? கெட்டிச் சாயம்டி,” என்றாள். கோபத்தில் சொன்னாளா, பெருமையில் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் முழங்காலுக்குக் கீழே இன்னொரு திட்டு. அதற்கடுத்து இடுப்பில். ஒவ்வொரு நாளும் குளிக்க வைக்கும்போது அம்மா புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, “தோ, இங்க பாருங்க உங்க பொண்ணு அட்டூழியத்த,” என்று கொட்டகைப் பக்கம் குரல் கொடுப்பாள். நைனா கம்போடு வருவார். கடைசியில் நான் ஒரு வழி கண்டேன். “ஆமாம் நைனா, தொட்டேன். இனிமே தொட மாட்டேன்,” என்று சொல்லிவிட்டேன். அடி உடனே நின்றது. உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன் என்று நைனா பெரிய மனது பண்ணி அன்றைக்கு எனக்குப் பட்டாணி வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் வயிற்றில் ஒரு திட்டு. “நேத்துதான தொட மாட்டேன்ன?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். முந்தின அடிகளெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி இருந்தது அந்த அடி.

இப்படியே போனது. ஜுரம் வந்தது, பல் தேய்த்தால் ரத்தம் வந்தது, நடந்தால் மூச்சு வாங்கியது. அடி வாங்கின பிள்ளைக்கு ஜுரம் வராதா என்று அம்மா கஷாயம் கொடுத்தாள். ஒரு நாள் நைனா கன்னத்தில் ஒன்று விட்டார். சாதாரண அறைதான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்து நிற்கவே இல்லை. அம்மாவின் முந்தானை முழுக்க நனைந்து, பிறகு பாய் நனைந்தது. அப்போதுதான் நைனா பயந்தார். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஜாரில் இருந்த டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் என் பாவாடையை விலக்கிப் பார்த்தார். பார்த்த கையோடு எழுந்து நைனாவை ஓர் அறை விட்டார். “நீ மனுஷனாய்யா? பெத்த பொண்ண இப்படியா அடிப்ப?” நைனா அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். “அடிச்சது கொஞ்சம், மீதி சாயம்யா! சாயம்!” வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே புகுந்து இருவரையும் பிரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே டாக்டர் பஞ்சை எடுத்து என் வாயைத் திறக்கச் சொன்னார். கன்னத்தின் உட்பக்கத்தில், அண்ணத்தில், எல்லா இடத்திலும் ஊதாப் புள்ளிகள்.

“வாய்க்குள்ள எவன் அடிப்பான்?” என்றார் டாக்டர், தனக்குத்தானே.

வாய்க்குள் எந்தச் சாயம் தெறிக்கும் என்று நைனாவும் அப்போது யோசித்திருப்பார். அன்றைக்கே மெட்ராஸுக்குப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அது ரத்தத்தில் வந்த புற்று என்றார்கள். எனக்கு முன்னால் சொல்லவில்லை. என்னிடம் ‘ரத்தம் கம்மி’ என்றார்கள். ஆனால் நான் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தேன், இது இன்னும் பெரிய விசாரணை என்று. வீட்டில் கம்பு, இங்கே ஊசி. வீட்டில் ஒருவர் அடித்தார், இங்கே நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஒருத்தி கால், ஒருத்தி கை, ஒருவன் இடுப்பு. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எடுக்க இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கித் திருகினார்கள். அந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் வலியை நிறுத்த எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது அல்லவா? அதைச் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன்.

“தொட்டேன் நைனா! நான்தான் தொட்டேன்! மஞ்ச சிட்டத்துல நான்தான் போட்டேன்! இனிமே தொட மாட்டேன்!”

ஊசி நிற்கவில்லை. உண்மையைச் சொன்னாலும் விடவில்லை, பொய் சொன்னாலும் விடவில்லை. கதவுக்கு வெளியே நைனா தூணில் தன் நெற்றியை மோதிக்கொண்டிருந்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். வார்டு ஆள் ஒருவன் வந்து அவரை இழுத்து உட்கார வைத்தானாம்.

என் தலைமாட்டில் நின்று என் தோளைப் பிடித்திருந்தவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வெளிர்ப் பச்சைப் புடவை கட்டிய, நடுவயது அம்மா. நோயாளிப் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுவதுதான் அவருக்கு வேலை. வார்டில் எல்லோரும் அவரைப் ‘பேசற அம்மா’ என்றார்கள். “பேசறதுக்கு ஒரு ஆளா? எங்க தெருவுல பேச்சு சும்மாவே கெடைக்கிது,” என்றாள் அம்மா. அந்தம்மா சிரித்தார். “உங்க தெருவுல பேசுவாங்க சரி. கேப்பாங்களா?” என்று கேட்டார்.

அன்று சாயந்திரம் பேசற அம்மா என் கட்டிலுக்கு வந்தார். “எதைத் தொட்டேன்னு கத்தின?” என்றார். இன்னொரு விசாரணை. நான் அவர் கையைப் பிடித்துக் கடித்தேன். பல்லில் ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தேன். என் ரத்தமா, அவர் ரத்தமா தெரியாது. அவர் பொறுமையின் சிகரமாக இருந்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. “ஐயோ! விடுடி பிசாசே!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. அவரும் கையை உதறிக்கொண்டு சிரித்தார். ஆனால் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகு ஒரு துணிப் பொம்மையும், ஊசி இல்லாத சிரிஞ்சும் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் பொம்மையைக் குப்புறப் போட்டேன். இடுப்பில் சிரிஞ்சால் குத்தினேன். அடுத்த நாளும் குத்தினேன். குத்திக் குத்தித் தையல் பிரிந்து பஞ்சு வந்தது. பிறகு சிரிஞ்சைப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக் கரண்டியை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

“தொட்டியா? சாயத்தத் தொட்டியா? சொல்லுடி! தானா வந்துச்சா? கெட்டிச் சாயம்டி!”

பேசற அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். “பொம்மை என்ன சொல்லுது?”

“தொட்டேன்னு சொல்லுது.”

“நிஜமாவே தொட்டுச்சா?”

“இல்ல,” என்றேன். “தொட்டேன்னு சொன்னாதான் விடுவாங்க.”

அந்தம்மா எழுந்து போய், நைனா எங்கே என்று வார்டு ஆளிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு நைனாவையும் அம்மாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார் அம்மாவிடம். கதவைச் சாத்தினார். நைனாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் நெஞ்சில் ஒரே எண்ணத்தை வைத்துக்கொண்டு, ஆனால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். பேசற அம்மா அதைப் பட்டென்று போட்டு உடைத்தார். “அடிச்சதுனாலதான் இந்த வியாதி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்களா?”

அவ்வளவுதான். அறை போர்க்களமாகிவிட்டது.

“இந்த ஆளுதான்! கம்பால அடிச்சி அடிச்சி ரத்தத்தயே கெடுத்துட்டாரு!”

“நான் அடிச்சனா? நீ சோடாவப் போட்டுத் தேய்ச்சியே, அது இன்னா? அது ரத்தத்துல எறங்காதா? தினம் தினம் கூப்ட்டுக் காட்டனது யாரு?”

அம்மா என்னை மடியிலிருந்து தள்ளிவிட்டு அவர் மேல் பாய்ந்தாள். அவர் முகத்தில் நகத்தால் கீறினாள். நைனா நாற்காலியைத் தூக்கினார். அது என் தலைக்கு மேலே போய் அலமாரியில் மோதி, கண்ணாடி நொறுங்கி விழுந்தது. பேசற அம்மா இரண்டு பேருக்கும் நடுவே புகுந்தார். அவருக்கும் ஒரு குத்து விழுந்தது. உதடு வெடித்தது. அவர் ஆளைக் கூப்பிடவில்லை. மேஜை மேல் ஓங்கித் தட்டிவிட்டுச் சொன்னார்.

“கேளுங்க ரெண்டு பேரும். அடிச்சதுனால இந்த வியாதி வராது. தேய்ச்சதுனால வராது. வியாதி மொதல்ல வந்துச்சு. அந்தக் கறை அதோட அடையாளம். நீங்க அத சாயம்னு நெனச்சீங்க. டாக்டரக் கூப்பிட்டும் சொல்லச் சொல்றேன்.”

நைனா தரையில் உட்கார்ந்தார். கண்ணாடித் துண்டுகள் மேலேயே உட்கார்ந்தார். “அப்ப நாங்க காரணம் இல்லியா?” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“வியாதிக்குக் காரணம் இல்ல,” என்றார் பேசற அம்மா. “ஆனா அடிச்சது அடிச்சதுதான். அது எங்கயும் போவல. இவ ஊசிக்கு அழும்போது இன்னா சொல்லி அழுவுறான்னு கேட்டீங்க இல்ல? நீ தொடலன்னு எனக்குத் தெரியும்னு இவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

நைனா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வரவில்லை. எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். போனவர் நேரே பஸ் ஏறி ஆரணிக்குப் போய்விட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த மஞ்சள் சிட்டத்தில் ஊதாவைத் தெளித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. காற்றாகக்கூட இருக்கலாம்.

ஆரணியில் அவர் செய்த காரியத்தை ஊரே சொன்னது. கடப்பாரையை எடுத்து, கூலி ஆட்கள் எரித்துக்கொண்டிருந்த அடுப்பின் மேல் இருந்த அண்டாக்களை ஒவ்வொன்றாகக் குத்திக் கவிழ்த்திருக்கிறார். கடைசி அண்டாவில் தன் வலது கையை முழங்கை வரை விட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்து வெளியே போடாவிட்டால் மொத்தமாக இறங்கியிருப்பாராம். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஜுரத்தோடு, மறுபடி மெட்ராஸுக்கு வந்து வார்டு வாசலில் நின்றார்.

பேசற அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “உங்க கைய வேகவச்சா அவ ரத்தம் சுத்தமாயிடுமா? அந்தக் கைதான் அவளத் தூக்கணும், மாத்திரை கொடுக்கணும். இப்ப எந்தக் கையால தூக்குவீங்க?” நைனா இடது கையைக் காட்டினார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே காட்டினார். அன்றிலிருந்து இடது கையால் எனக்குக் கஞ்சி ஊட்டினார். பாதி என் கழுத்தில் வழிந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை.

மருந்து ஏற ஏற என் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, வாயெல்லாம் புண், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. ஆனால் திட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுத்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தன. ஊருக்குப் போகலாம் என்றார்கள். மாசம் தவறாமல் வர வேண்டும், மருந்து வருஷக்கணக்கில் போகும், நடுவில் எங்கே ஊதாத் திட்டு தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும் என்றார்கள்.

கிளம்புகிற அன்று பேசற அம்மா என்னிடம் கேட்டார். “மறுபடி கறை வந்தா யார்கிட்ட மொதல்ல சொல்லுவ?”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றேன். எனக்கு என்ன பைத்தியமா? கறை என்றால் ஒன்று கம்பு, இல்லாவிட்டால் ஊசி.

“சொல்லாம இருந்தா இன்னா ஆவும் தெரியுமா?”

“தெரியாது.”

“செத்துப் போயிடுவ,” என்றார்.

எங்கள் ஊரில் வெளியே கிளம்பும்போதுகூடப் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள், ‘வரேன்’ என்றுதான் சொல்வார்கள். சீக்காளிப் பிள்ளை எதிரில், அதுவும் புறப்படுகிற நேரத்தில் அந்த வார்த்தையா? அம்மா கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டுப் பேசற அம்மாவின் கன்னத்தில் அறைந்தாள். வார்டு முழுக்கச் சத்தம் கேட்டது. “உன் வாய்ல புழு வைக்க!” என்று காறித் துப்பினாள். அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னைவிட்டுப் பார்வையைத் திருப்பவில்லை.

“உங்கிட்ட யாரும் நிஜத்த சொல்லல. அதனால நான் சொல்றேன். சொன்னா ஊசி உண்டு, வலி உண்டு. அடி கெடையாது, உங்க நைனா எனக்கு வாக்குக் கொடுத்திருக்காரு. சொல்லாட்டி செத்துப் போவ. எது வேணும்னு நீ முடிவு பண்ணு.”

அதுவரை என்னை யாரும் எதையும் முடிவு பண்ணச் சொன்னதில்லை. என் பாவாடை நிறத்தைக்கூட.

செய்யாறு வழியாக பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம். என் மொட்டைத் தலையைப் பார்த்துத் தெருவில் எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டார்கள். அம்மா படவேட்டு அம்மன் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தாள். நைனா வேறு ஒருவரின் பட்டறையில் கூலிக்குச் சாயம் போடப் போனார். அவர் யாரையும் அடிக்கவில்லை. அம்மாவையும் அடிக்கவில்லை. கோபம் வந்தால் பல்லைக் கடிப்பார், சமயத்தில் சுவரில் குத்துவார், வெந்து சுருங்கிய கையாலேயே குத்துவார். விரல் முட்டியில் ரத்தம் வரும். “கம்பு எங்கடா போச்சு? பொண்டாட்டிகிட்ட ஒப்படைச்சிட்டியா?” என்று தெருவில் நையாண்டி பண்ணினார்கள். அதைக் கேட்டுக்கொண்டும் போனார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. எந்த நிமிஷம் முடியும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, அடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

மாதா மாதம் மெட்ராஸ் போய் வந்தோம். நைனா வேலை செய்கிற பட்டறையை ஒட்டி ஒரு வாய்க்கால், அதன் மறுகரையில் எங்கள் பள்ளிக்கூடம். முடி கொஞ்சம் முளைத்ததும் என்னை மறுபடி அனுப்பினார்கள். மத்தியானம் பட்டறைக்குப் போய் நைனாவோடு வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அப்படி ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாவாடை விலகியபோது பார்த்தேன். வலது முழங்காலுக்கு மேலே ஊதாவாக ஒரு திட்டு.

பாவாடையை இழுத்து மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. ‘செத்துப் போயிடுவ’ என்ற வார்த்தை நினைவில் இருந்தது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்ததும் நினைவில் இருந்தது. அந்த வயதில் சாவு தூரத்தில் இருந்தது, ஊசி பக்கத்தில் இருந்தது. மறுநாளும் மூடிக்கொண்டேன். நானே குளித்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று அம்மா சிரித்தாள். திட்டு பெரிதாகிக்கொண்டே போனது. இது ஒருவேளை சாயமாகவே இருந்தால்? பட்டறை வாசலில்தானே தினமும் உட்காருகிறேன்? தேய்த்தால் போய்விட்டால்?

பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மத்தியானம் யாரும் இல்லாதபோது சோடா உப்பை ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனேன். பாத்திரம் தேய்க்கும் நார் அங்கேயே கிடந்தது. அம்மா தேய்த்த மாதிரியே தேய்த்தேன், அதைவிட அழுத்தி. எரிந்தது. சத்தம் வராமல் இருக்கப் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். தோல் உரிந்து ரத்தம் வழிந்து தொட்டிக் கரையில் ஓடியது. அடியில் ஊதா அப்படியே இருந்தது.

நிமிர்ந்தபோது நைனா நின்றுகொண்டிருந்தார். வேலை நடுவில் வந்திருக்கிறார், சிட்டம் திருப்பும் கம்பு கையில். அதிலிருந்து சாயம் சொட்டியது. அன்றைக்கும் கத்தரிப்பூ.

நான் தொட்டியோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன்.

கம்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது. நைனா மண்டியிட்டு என் காலைப் பிடித்து இழுத்தார். ரத்தத்தைத் தன் வேட்டியால் ஒற்றினார். திட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். வாழ்நாளெல்லாம் சாயம் போட்டவருக்குச் சாயம் எது, சாயம் இல்லாதது எது என்று பார்த்த உடனே தெரியாதா? தெரிந்தும் தேய்த்தார்.

“சாயத்தத் தொட்டியாம்மா?” என்றார்.

நான் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தொட்டேன்னு சொல்லுமா.” என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். “அடிக்க மாட்டேன். ஒண்ணும் பண்ண மாட்டேன். உள்ள வந்து அண்டாவத் தொட்டேன்னு சொல்லு. தெரியாம மேல பட்டுச்சுன்னு சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லுமா.” மூக்கும் கண்ணும் ஒழுக, என் காலில் முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சினார். “தொட்டேன்னு சொல்லேன்டி கண்ணு.”

அந்த வார்த்தையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். கம்புக்குப் பயந்து சொன்னேன், ஊசிக்குப் பயந்து சொன்னேன். இப்போது சொன்னால் அவர் நம்புவார். நம்பத் தயாராக இருந்தார். என்னைத் துடைத்துவிட்டு, சோறு போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஊசி இல்லை. மெட்ராஸ் இல்லை.

“இல்ல நைனா,” என்றேன். “தொடல. தானா வந்துச்சு.”

அவர் என் காலை விடாமல் ஊளையிட்ட மாதிரி அழுதார். பட்டறை ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களைப் பார்க்காமலே, “தெரியும்மா,” என்றார். “எனக்குத் தெரியும். நீ எப்பவுமே தொட்டதில்ல.”

பிறகு சட்டைகூடப் போடாமல் என்னை வாரித் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.